காலங்கடந்த ஊர் அப்புக்காத்தர்

தள்ளாடியைத் தாண்டிப் பாலம் வழியே மன்னார்த் தீவுக்குள் நுழையும் பெருமக்கள் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைச் சுற்றிவந்து படம் எடுக்கிறார்கள். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டையின் வாசலில் நின்று பெருமூச்சு விடுகிறார்கள். நடுத்தெருவில் உரிமையோடு நிற்கும் கழுதைகளுக்கு வழிவிட்டு, தலைமன்னார் இறங்குதுறை வரை போய்க் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஐயகோ! இத்தீவின் தலையாய அதிசயம் பஸ் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு தேத்தண்ணிக்கடையின் மூலை வாங்கில், காலுக்கு மேல் கால் போட்டுக் கொலுவீற்றிருப்பதை அவர்கள் அறியார்.

அவர்தாம் எங்கள் ஊர் அப்புக்காத்தர். அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பேதத்தை ஒழித்து எல்லோரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் அடைக்கும் சட்டம் 1974 தை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. நாடு கைவிட்ட அந்தப் பட்டத்தை வீணாக விட மனமின்றி, மக்கள் எடுத்து இவருடைய திருமுடியில் சூட்டினார்கள். சட்டக் கல்லூரியின் படியை மிதித்து அதைப் பெருமைப்படுத்தும் தேவை அவருக்கு நேரவில்லை. முன்னொரு காலத்தில் ஒரு மாட்டு வழக்கில் சாட்சியாக நீதிமன்ற விறாந்தையில் அரைநாள் குந்தியிருந்தார். மற்றவர்கள் வருடக்கணக்காக விழித்திருந்து படிப்பதை அந்த அரைநாளில், அதுவும் பாதி நேரம் கண்ணயர்ந்தபடியே, கற்றுத் தெளிந்தார்.

சாதி, சமயம், ஊர் என்ற வேற்றுமை அவருடைய சந்நிதியில் கிடையாது. வங்காலை மீனவரும், எருக்கலம்பிட்டி வியாபாரியும், நானாட்டான் விவசாயியும், விடத்தல்தீவில் நண்டு வாங்கி விற்கும் அக்காவும் ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே அறிவுரையைக் கேட்டு, ஒரே கதியை அடைகிறார்கள். நல்லிணக்கத்துக்கென்று கொழும்பிலே எத்தனையோ செயலகங்கள் அமைத்தும் கூடாத காரியம் இது.

அவருடைய முதலாம் உபதேசம்: “எழுத்து எதுக்கு தம்பி? மனுசருக்கு மனுசர் நம்பிக்கைதானே.”

இந்த உபதேசத்தால் உய்ந்தோர் பலர். பேசாலைப் பக்கத்து மச்சான்மார் இருவரைச் சொல்லலாம். ஒருவரிடம் லொறியும் காசும் இருந்தன. மற்றவர் கட்டாவையும் பாரையையும் தொட்டுப் பார்த்தே உப்பின் கணக்குச் சொல்லுகிறவர். துறையில் அவர் வாய்ச்சொல்லுக்கே மீன் கிடைக்கும். இருவரும் சேர்ந்து கருவாட்டு வியாபாரம் தொடங்கினார்கள். தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏறியது. பங்கை எழுதிக்கொள்ளலாமா என்று இளையவருக்கு ஒரு நாள் சின்னச் சபலம் தட்டியது. நல்லவேளையாக வாங்குக்கு வந்து கேட்டார். “மச்சானும் மச்சானும் எழுதிக்கொண்டா ஊர் சிரிக்கும். பெண் குடுத்து எடுத்த இடம். பேசாமப் போ” என்று கடிந்தருளினார் பெருமான்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பங்கு வியாபாரத்தின் முதலீடு ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இல்லையேல் பங்காளி பங்காளிமேல் அந்தப் பங்கைச் சொல்லி வழக்காட முடியாது என்கிறது அது. ஆயிரம் ரூபாய்! இன்று ஒரு கிலோ கட்டாக் கருவாடு வாங்க அது காணாது. இவ்வளவு பழைய, இவ்வளவு கஞ்சத்தனமான சட்டத்தை எங்கள் அப்புக்காத்தர் பொருட்படுத்துவாரா? லொறிக்கார மச்சான் ஒரு பெருநாளுக்கு மறுநாள் “நீ என்னட்டச் சம்பளத்துக்கு நின்றனீ” என்று சொன்னபோது, இளையவரிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. எத்தனை நிம்மதி! வருட முடிவில் கணக்குப் பார்க்கும் தொல்லை, இலாபம் பிரிக்கும் தலையிடி, வருமானவரிப் பயம், எல்லாம் ஒரே வார்த்தையில் ஒழிந்தன. மச்சான்மார் இப்போது பேசிக்கொள்வதுமில்லை. ஆகவே சண்டையும் இல்லை. ஒரு சட்டத்தரணி இடையில் புகுந்து இரண்டு பக்க உடன்படிக்கை எழுதியிருந்தால் இந்தச் சமாதானம் கிடைத்திருக்குமா?

பொறுமையில் பெருமானுக்கு நிகர் பூமாதேவியும் இல்லை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் ஊர்களில், பசளையும் அரிசியும் சீனியும் கடனுக்கே போகும், அறுவடையில் அடைபடும். முருங்கன் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரின் கொப்பியில் கடன் பெருகிப் பெருகி இரண்டாவது கொப்பிக்குள் புகுந்தது. “வழக்குப் போடவா அண்ண?” என்று கேட்டார். “போகம் முடியட்டும்” என்றார் பெருமான். முடிந்தது. “மழை பொய்ச்சுப்போச்சு, பாவங்கள். அடுத்த போகம் பார்ப்பம்” என்றார். பார்த்தார்கள். கடையில் பற்றெழுதிக் கொடுத்த சாமானுக்குக் கடன் விழுந்த நாளிலிருந்து ஒரே வருடத்துக்குள் வழக்கிட வேண்டும் என்று 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் அற்பத்தனமாக அவசரப்படுகிறது. வாங்கியவர் “இவ்வளவு தர இருக்கிறது” என்று ஒரு வரி எழுதி ஒப்பமிட்டிருந்தால் காலம் புதிதாக எண்ணப்பட்டிருக்கும். வாக்குறுதிச் சீட்டாக எழுதி வாங்கியிருந்தால் ஆறு வருடம் இருந்திருக்கும். ஆனால் ஒரு வரி எழுதச் சொல்வது பழகிய வாடிக்கையாளரை அவமதிப்பது அல்லவா? கடைக்காரர் இப்போது கடை வைத்திருக்கவில்லை. கொப்பிகளை மட்டும் வைத்திருக்கிறார். கையெழுத்து மிக அழகு.

இனிக் காணி. இங்கேதான் அப்புக்காத்தரின் புகழ் அலைகடல் தாண்டுகிறது.

அரசாங்கம் தந்த பெர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது. விற்றாலும் அந்த விற்பனை செல்லாது என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பிடிவாதம். காணியை விற்பதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருந்து ஒப்பமிட வேண்டும் என்பது மேலே சொன்ன அந்த 1840ஆம் ஆண்டுக் கிழவனின் இன்னொரு முணுமுணுப்பு. எங்கள் பெருமான் இவ்விரண்டையும் ஒரே கல்லில் வீழ்த்திவிட்டார். ஒரு நீளக் கடதாசி. மேலே ஒரு முத்திரை. கீழே விற்பவர், வாங்குபவர். பக்கத்தில் ஒரு ஜே.பி.யின் பெரிய வட்ட ரப்பர் சீல். சீலின் ஊதா நிறத்தைக் கண்டதும் வாங்கியவர் கண்ணில் நீர் கசியும். முசலிப் பக்கத்தில் இப்படிக் காணி வாங்கி வீடும் கட்டிக் கிணறும் வெட்டியவர்கள் இருக்கிறார்கள். பெர்மிட்காரர் காலமானதும், பெர்மிட்டிலே பின்னுரித்தாளியாகப் பெயர் எழுதப்பட்ட மகன் வந்து கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துவிட்டு, தண்ணீர் நன்றாயிருக்கிறது என்று பாராட்டி, வீட்டுத் திறப்பைக் கேட்கிறான். வாங்கியவர் ஓடிவந்து ஊதாச் சீலைக் காட்டுகிறார். “சீல் அசல்தான்” என்று உறுதிப்படுத்துகிறார் அப்புக்காத்தர். அவர் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

ஆயினும் இவையெல்லாம் சில்லறை. அவருடைய ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது 2016ஆம் ஆண்டு சித்திரை தொடங்கி இரண்டு வருடங்கள்.

1990 ஐப்பசியில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் மன்னார் மூர்வீதியிலிருந்தும் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். கையில் அகப்பட்டதோடு வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருபது வருடம் இருந்தார்கள். அதே ஆண்டுகளில் தலைமன்னாரிலும் பேசாலையிலும் இருந்து தமிழர்கள் படகேறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் வரிசையில் நின்றார்கள். காணிகள் மட்டும் எங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தன. காணி சும்மா இருக்கலாமா? யாரோ வேலி போட்டார்கள், யாரோ தென்னை வைத்தார்கள். பத்து வருடம் குழப்பமின்றி, சொந்தக்காரரின் உரித்துக்கு எதிராக ஆண்டால் காணி ஆண்டவனுக்கே என்பதும் அந்த 1871ஆம் ஆண்டுச் சட்டந்தான்.

போர் முடிந்து ஏழு வருடம் ஆறஅமர யோசித்தபின் அரசாங்கம் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலாவதி விசேட ஏற்பாடுகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் காலாவதிக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம் என்றது. இருபத்தாறு வருட இழப்புக்கு இரண்டு வருட வாசல்! அதற்குள் வழக்குப் போட வேண்டும். இந்தத் தாராளத்தை வாழ்த்த எனக்கு நாவில்லை. வர்த்தமானி என்னும் இலக்கியத்தை அன்றாடம் வாசித்து மகிழும் புத்தளக் கொட்டில்வாசிகளுக்கும் மண்டபம் முகாம்காரருக்கும் இது போதாதா?

போதாமல் போய்விடுமோ, யாராவது தப்பித் தவறி ஒரு சட்டத்தரணியிடம் போய்விடுவார்களோ என்று அஞ்சும் நிலையில் எங்கள் பெருமான் வாங்கைவிட்டு எழாமலே காரியம் செய்தார். புத்தளத்திலிருந்து பஸ் ஏறிவந்து, வேலிக்கு வெளியே நின்று தன் வாப்பாவின் மாமரத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் கேட்டார்: “காக்கா, ஏதோ புதுச் சட்டம் வந்திருக்காமே? லோயரைப் பார்க்கவா?” பெருமான் தேத்தண்ணியை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். “எங்கட காணி எங்களுக்குத்தானே தம்பி, எங்க ஓடப் போகுது? உறுதி இருக்குத்தானே? இருக்கிறவனும் பாவம். வெளிக்கிடச் சொல்லி மெல்லப் பேசுவம். அவசரப்படாத.” மெல்லவே பேசினார்கள். 2018 சித்திரையும் வந்தது. இரண்டு வருட வாசல் அடைபட்டது. அடைபட்டதும் வர்த்தமானியின் மொழியில்தான், ஆகவே ஓசையே கேட்கவில்லை. உறுதி இன்னும் இருக்கிறது. புத்தளத்தில், இரும்புப் பெட்டியில், கற்பூரம் போட்டு வைத்திருக்கிறார்.

வாழும் மனிதர்களில் காலத்தை இவ்வளவு அலட்சியமாகக் கையாண்டவர் வேறு எவர்? பதினாலு நாள், ஒரு மாதம், ஒரு வருடம், பத்து வருடம் என்று கையிலே மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறது சட்டம். எங்கள் அப்புக்காத்தரோ கையில் எதையும் கட்டுவதில்லை.

பெண்களிடம் அவர் காட்டும் பரிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்னே சொன்ன நண்டு வாங்கும் அக்கா ஒரு வட்டி முதலாளியிடம் கடன் எடுத்தபோது, தொகை எழுதாத செக் இரண்டிலும் தொகை எழுதாத வாக்குறுதிச் சீட்டு ஒன்றிலும் கையெழுத்துக் கேட்டார்கள். “இது சும்மா ஒரு முறைக்குத்தான் தங்கச்சி. நான் சாட்சி இருக்கிறன்தானே” என்று பேனையைத் திறந்து கொடுத்தவர் பெருமானே. கையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டிக் கழித்த வட்டி எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்பதையெல்லாம் சீட்டின் முகத்திலே வேறுவேறாக எழுத வேண்டும் என்று 1918ஆம் ஆண்டிலிருந்தே கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்கட்டும். பின்னாளில் நீதிமன்ற அழைப்பாணை வந்தது. அதற்கு விடை சொல்ல அக்காவிடம் நியாயமும் இருந்தது, சட்டமும் இருந்தது. “போகாத. போனாத்தான் வழக்கு, போகாட்டி வழக்கே இல்லை” என்று அருள்வாக்கு வந்தது. போகவில்லை. ஒருபக்கத் தீர்ப்பு வந்தது. சாதாரண சிவில் வழக்கில், அப்படி வந்த கட்டளை கைக்குக் கிடைத்த பிறகும் 14 நாளுக்குள் போய், வராததற்குக் காரணம் சொல்லித் தீர்ப்பை நீக்கக் கேட்கலாம் என்றெல்லாம் படித்தவர்கள் கதைக்கிறார்கள். அந்தப் பதினாலு நாளும் அக்கா அழுதுகொண்டிருந்தார். பெருமான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். வட்டி முதலாளி அன்று தேத்தண்ணிக்குக் காசு கொடுத்தார். அவர் எப்போதுமே கொடுப்பவர்.

அரசாங்கத்திடமும் அவருக்கு அபார மரியாதை. தீவின் தென்கரையில் 2020 மார்கழியில் தம்பபவனி மின்நிலையத்தின் முப்பது காற்றாலைகள் சுற்றத் தொடங்கின. இன்னும் காற்றாலைகளும் மணல் அகழ்வும் வருமென்ற பேச்சில் 2025இல் சனங்கள் நகரில் நாட்கணக்காகப் போராடினார்கள். இப்படிப்பட்ட காலத்தில் காணி சுவீகரிப்பு நோட்டீஸ் ஒன்று வீட்டு வேலியில் ஒட்டப்பட்டால் சாதாரண மனிதன் பதறுவான். 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தில் ஆட்சேபனை சொல்ல ஒரு கட்டம், உரித்தையும் நட்டஈட்டையும் கோர ஒரு கட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் திகதி குறித்தே நோட்டீஸ் வரும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. பெருமான் நோட்டீஸை நாலாக மடித்து, ஆடும் மேசையின் காலுக்குக் கீழ் வைத்தார். மேசை நின்றது. “அரசாங்கத்தோட நாங்கள் கொழுவலாமா?” என்றார். இத்தகைய பிரசைகள் வாய்த்தால் எந்த அமைச்சருக்குத்தான் தூக்கம் வராது?

சட்டத்தரணிகளைப் பற்றி அவர் சொல்லும் குறைகள் அத்தனையும் பொய் என்று நானும் சொல்ல மாட்டேன். தவணைக்கு மேல் தவணை, தவணைக்கொரு கட்டணம், கறுப்புக் கோட்டைக் கண்டால் வாய் உலர்ந்து, கேட்க வந்ததை மறந்து திரும்பும் சனங்கள். எல்லாம் உண்மை. ஆனால் எந்தச் சட்டத்தரணியாலும் மாதக்கணக்கில்தான் தவணை வாங்க முடியும். ஆயுள் முழுவதற்கும் தவணை வாங்கிக் கொடுத்த கெட்டிக்காரர் இவர் ஒருவரே. அதுவும் ஒரு தேத்தண்ணி, ஒரு பற்றிஸ் கட்டணத்தில்.

காசில்லாதவர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லவும் வழக்காடவும் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு மன்னாரிலும் நிலையம் வைத்திருக்கிறது. வாங்கிலிருந்து எழுந்து நடந்தே போய்விடலாம். அந்த ஆபத்திலிருந்து மக்களைக் காக்க அவர் படும் பாடு கொஞ்சமா? “சும்மா செய்யிறவன் என்னத்தை ஒழுங்காச் செய்வான்?” என்ற ஒரு கேள்வியால் எத்தனை பேரைப் பாதி வழியில் திருப்பியிருக்கிறார்! அந்த அலுவலகத்தின் வாசற்படி தேயாமல் இருப்பதன் பெருமையில் ஒரு பங்கு இவருக்குரியது.

அவருடைய தியாகத்தை மட்டும் ஊர் இன்னும் அறியவில்லை. சில வருடத்துக்கு முன் அவர் எழுத்தூர்ப் பக்கம் தமக்கென்று ஒரு காணி வாங்கினார். சட்டத்தரணி எவ்வளவு கொடியவர் என்று உலகுக்குச் சொல்லும் மனிதர், அந்தக் கொடுமையைத் தம் திருமேனியிலேயே தாங்கிப் பார்க்கத் துணிந்தார். காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவேடுகளைத் தேடுவித்தார். நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல் போட்டார். விற்பவரின் தமையன் பிரான்ஸிலிருந்து அனுப்பிய அற்றோணித் தத்துவத்தை மூன்று பேரிடம் காட்டிச் சரிபார்த்தார். நொத்தாரிசு முன்னே, இரண்டு சாட்சி முன்னே, ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் ஒப்பமிட்டார். அன்று பின்னேரமே உறுதியைப் பதிவுக்குக் கொடுக்கச் சொல்லி விறாந்தையில் நின்றார், ஏனென்றால் பிந்திப் பதிந்தால் முந்திப் பதிந்தவன் வெல்வான் என்பது அவருக்குத் தெரியும். இவ்வளவு துன்பத்தையும் தாம் ஒருவரே அனுபவித்துவிட்டு, மற்றவர்களுக்கு ஒரு துளியும் பகிர்ந்து கொடுக்காமல் மறைத்து வைத்த அந்தப் பெருந்தன்மையை என்னென்பேன்!

இத்தகைய பெருமானுக்கு ஒரு சிலை எழுப்புவதென்று அபிமானிகள் சிலர் தீர்மானித்திருக்கிறோம். காலுக்கு மேல் கால் போட்ட திருக்கோலம். வலக்கையில் தேத்தண்ணிக் கோப்பை. இடக்கையில் ஊதாச் சீல். இடமும் பார்த்தாயிற்று. காணிக்காரர் கனடாவில் இருக்கிறாராம். உறுதியை ஒருமுறை பார்க்கலாமா என்று எங்களில் ஓர் அவசரக்காரன் கேட்டதற்கு, “நம்மட பொடியன்தான், நான் சொல்லுறன்” என்று பெருமானே பொறுப்பேற்றுக்கொண்டார். காணிக்குரிய முற்பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். அத்திவாரம் வெட்டப் போன அன்று, அந்தக் காணி தங்களுடையது என்று மூன்று குடும்பங்கள் வந்து நின்றன. முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கவில்லை. அவரிடம் போய் எழுத்துக் கேட்பதற்கு எங்களுக்கு என்ன, மரியாதை தெரியாதா?